அப்பா சொல்ல மறுத்த பன்னிரண்டாவது இடம்

1. கிறிஸ்து பிறப்புக்கு முந்தின ஆகமன காலத்து முதல் ஞாயிறு, காலை ஒன்பது மணி. அப்பா தோட்டத்து கேட்டில் தம் அடையாளக் கார்டைக் காட்டிவிட்டு உள்ளே வந்தார். காவலர் நோட்டில் பதிந்துகொண்டார். இதற்குச் சாட்சி உண்டு.

2. அதே ஞாயிறு, மாலை நான்கு மணி. அப்பாவின் சட்டைப் பையில் பேனா செருகினபடி இருந்தது. கார்டு இல்லை.

3. திங்கள், செவ்வாய். அப்பா யாரிடமும் சொல்லவில்லை.

4. புதன். கேட்டுக்குப் புதுக் காவலர் வந்தார்.

5. வியாழன். இன்ஸ்பெக்டர் வந்தார்.

6. வெள்ளி. நான் அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு பட்டியல் எழுதினேன்.

அந்தப் பட்டியலில்தான் தப்பு நடந்தது. அதை ஒப்புக்கொள்ளவும், அந்தோனியார் எங்களுக்குச் செய்த உபகாரத்தை நம் பங்கு மக்கள் எல்லோருக்கும் சொல்லவும் இதை எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. மலாயாவில் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். டவுன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் பயிற்சி எடுத்து, இப்போது எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலை பார்க்கிறேன். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒரு வட்டம் தெரியும். துண்டைக் கொஞ்சம் நகர்த்தினால் அடுத்த வட்டம். அப்படி நூறு வட்டம் பார்க்காமல் ‘மலேரியாக் கிருமி இல்லை’ என்று எழுதக்கூடாது. எனக்குப் பாடம் சொன்ன நர்ஸ் மிஸ்ஸி இதை மூன்றாவது கட்டளைக்கும் நான்காவது கட்டளைக்கும் நடுவில் உள்ளது போலச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு எல்லாமே வரிசையாக இருக்கவேண்டும். பாவசங்கீர்த்தனத்தில்கூட எண் போட்டுச் சொல்வேன். “மகளே, எண் வேண்டாம், பாவம் போதும்” என்று சுவாமியார் ஒருமுறை சலித்துக்கொண்டார்.

அப்பா சவரிமுத்து வேறு விதம். அவர் ரப்பர்க் கன்று நர்சரியில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். எங்கள் தோட்டத்துச் சின்னக் கோவிலுக்கு உபதேசியார். சுவாமியார் மாதம் ஒருமுறைதான் வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் ஜெபமாலை, மணி, விளக்கு, பெருக்குவது, கூரை ஒழுகினால் சட்டி வைப்பது எல்லாம் அப்பா. எந்தச் சாமானை எங்கே வைத்தோம் என்பதை அவர் எழுதி வைத்ததே இல்லை. “மனசுல இருக்கு” என்பார்.

அவசரகாலம் வந்து, தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, கேட்டில் காவல் வைத்த இரண்டாம் வருஷம் அது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுக்காரர்களுக்கு அரிசி போகக்கூடாது, மருந்து போகக்கூடாது, கார்டும் போகக்கூடாது. கார்டு தொலைந்தது என்று ஒருவர் சொன்னால், “தொலைச்சியா, குடுத்தியா?” என்பதுதான் முதல் கேள்வி. பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவரை இப்படித்தான் விசாரிக்கக் கூட்டிப்போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள் என்று பேச்சு. அப்பா பத்தொன்பது வயதில் இந்த ஊருக்கு வந்தவர். கடலுக்கு அந்தப் பக்கம் அவரை அடையாளம் கண்டு வா என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. ஆகவே காணாமற்போனது ஓர் அட்டைத் துண்டு என்று யாரும் நினைக்கவேண்டாம். அதோடு அப்பாவும் போய்விடுவார் என்பதுதான் எங்கள் வீட்டுப் பயம்.

திங்களும் செவ்வாயும் அப்பா தப்பித்ததற்குக் காரணம் பழைய காவலர். அவருக்கு அப்பாவின் முகமே கார்டு. புதனன்று அவருக்குப் பதிலாகப் புதியவர் நின்றார்.

“காட் மானா, பாக்சிக்?” என்று மலாயில் கார்டைக் கேட்டுக் கையை நீட்டியிருக்கிறார்.

அப்பா சட்டைப் பையைத் தட்டினார். கால்சட்டைப் பையைத் தட்டினார். பக்கத்தில் நின்ற ஆளின் பையையும் ஒரு தட்டுத் தட்டினாராம். பிறகு, காய்ச்சல் வருகிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். நான் தெர்மாமீட்டர் வைத்தேன். தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு.

“எவ்வளவும்மா? ஏறியிருக்கா?” என்று அப்பா ஆசையாகக் கேட்டார்.

“இல்லப்பா. சரியா இருக்கு.”

“அது பழைய தெர்மாமீட்டர்லா.”

அம்மா கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். “காய்ச்சல் ஒடம்புல இல்லடி, சட்டையில. மூணு நாளா அந்தச் சட்டையத் தோய்க்கக் குடுக்க மாட்டேங்கிறாரு. பையில என்னத்தையோ மறைக்கிறாரு.”

“இல்லாததை எப்படிடி மறைக்கிறது?” என்றார் அப்பா போர்வைக்குள்ளிருந்து.

அப்படித்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

புதுக் காவலர் சொல்லி, மறுநாள் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். கூட ஒரு மொழிபெயர்ப்பாளர். மூன்று நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். “வீட்டுல திட்டுவாங்க” என்றார் அப்பா. அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் இன்ஸ்பெக்டர் அம்மாவை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். அப்பா சொன்னதில் அந்த ஒன்றை மட்டும் அவர் நம்பியதாக எனக்குத் தோன்றியது.

நான் கேட்டில் இருந்த காவலர் நோட்டை எடுத்துக் காட்டினேன். ஞாயிறு ஒன்பது மணிக்குக் கார்டோடு உள்ளே வந்தார், அன்று பூராவும் வெளியே போகவே இல்லை, ஆகவே கார்டு வேலிக்கு உள்ளேதான் இருக்கிறது என்றேன்.

“கார்டு வெளியே போகக் கால் வேண்டியதில்லை. வேலி இடுக்கு போதும்” என்றார் இன்ஸ்பெக்டர். குரலை உயர்த்தவில்லை. மூன்றாம் ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அப்பா ஸ்டேஷனில் நிற்கவேண்டும். கார்டோடு வந்தால் வீடு திரும்பலாம். இல்லாவிட்டால் துணிமணியோடு வரவேண்டும்.

பதினோரு நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, நோயாளியிடம் கேட்பது போல் கேட்டேன். “ஞாயிறு ஒன்பது மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் எங்கெங்க போனீங்க? வரிசையா சொல்லுங்க.”

வாசல் கேட்டு. மீன்காரர். கோவில். கிணற்றடி. மாட்டுக் கொட்டகை. ஒவ்வொன்றாகப் பதினோரு இடம் வந்தது. எல்லாவற்றையும் எழுதிவிட்டுத் திரும்பக் கோவிலுக்கு வந்தேன்.

“பூசை முடிஞ்சு எல்லாரும் போன பிறகு உள்ள என்ன செஞ்சீங்க?”

“குடில் பெட்டிய எறக்கினேன். சூசையப்பர், மாதா, ஆட்டுக்குட்டி எல்லாத்தையும் தொடச்சேன். அப்புறம் பாலனை வச்சேன்.”

“எங்க வச்சீங்க?”

அப்பா வாயை மூடிக்கொண்டார்.

மற்றத் தோட்டத்தார்களுக்கு இதை விளக்கவேண்டும். ஆகமன காலம் முழுவதும் குடிலில் பாலன் இயேசு இருக்கமாட்டார், பிறப்புப் பூசையில்தான் கிடத்துவார்கள். இது எங்கும் உள்ளது. எங்கள் கோவிலில் ஒரு படி மேலே. முதல் ஞாயிறன்று உபதேசியார் பாலனைக் கோவிலுக்குள் எங்காவது ஒளித்துவைப்பார். பிள்ளைகள் நாலு வாரமும் தேடுவார்கள். கண்டுபிடிக்கிற பிள்ளைதான் திருநாளில் பாலனை ஏந்திக்கொண்டு சுற்றுப்பிரகாரம் வரலாம். அப்பா உபதேசியார் ஆகிப் பதினாலு வருஷம். ஒரு பிள்ளையும் கண்டுபிடித்ததில்லை. பதினாலு வருஷமும் சுற்றுப்பிரகாரத்தில் பாலனை ஏந்தி வந்தவர் அப்பாதான். அதில் அவருக்கு இருந்த பெருமையை அவர் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம்.

“அப்பா, இது போலீஸ் விஷயம்” என்றேன்.

“போலீசுக்கும் பாலனுக்கும் என்ன? ஏரோது காலத்துலயே அவரை ஒளிச்சுத்தான் காப்பாத்துனாங்க.”

“எனக்கு மட்டும் சொல்லுங்க.”

“ஒனக்குச் சொன்னா நீ எழுதிருவே. எழுதி மேசைமேல வச்சிருவே.”

அது உண்மை. “அப்ப நீங்களே ஒரு தரம் போய்ப் பார்த்துட்டு வாங்க” என்றேன்.

“எப்படிப் போறது? ஜன்னலைப் பாரு.”

பார்த்தேன். எதிரே கொய்யா மரத்தடியில் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் குந்தியிருந்தார்கள். அப்பா கோவில் பக்கம் திரும்பினால் அவர்களும் எழுந்து பின்னாலேயே போவார்களாம். இன்ஸ்பெக்டர் வைத்த காவலைவிட அது கடுமையான காவல்.

“அங்க விழுந்திருக்க வழியே இல்லம்மா” என்றார் அப்பா. “பாலனை ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தேன்.”

கை இரண்டும் பாலனைப் பிடித்திருந்தால் பையை யார் பிடித்திருந்தார்கள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பன்னிரண்டாம் வரியில் ‘பாலன் இருக்கும் இடம்’ என்று எழுதி, எதிரே ‘தேவையில்லை’ என்று கோடு போட்டேன். தொண்ணூற்றொன்பது வட்டம் பார்த்துவிட்டுக் கிருமி இல்லை என்று கையெழுத்துப் போட்ட மாதிரிதான்.

மற்றப் பதினோரு இடங்களையும் சல்லடை போட்டுத் தேடினோம். கிணற்றடியில் பாசியைச் சுரண்டினோம். ஞாயிறு மத்தியானம் அப்பா மாட்டுக்குக் குனிந்து புல் போட்டிருந்தார். மாடு கார்டைத் தின்றிருக்குமோ என்று அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நாலைந்து நாள் குச்சியும் கையுமாகக் கொட்டகையிலேயே நின்றார். “இதைப் பாக்கறதுக்கு ஒங்கிட்ட மிஷின் கிஷின் இல்லையாடி?” என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் நான் சொல்லவில்லை.

செர்காமிலிருந்து சைக்கிளில் வரும் மலாய் மீன்காரர், கேட்டுக்கு உட்புறம் கூடையை இறக்கி விற்பார். அப்பா ஞாயிறன்று அவர் கூடைமேல் குனிந்து மீன் பொறுக்கியிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பாவம், அவர் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு பெரிய மீனின் வாயைப் பிளந்துகூடக் காட்டினார். இராயப்பருக்கு மீன் வாயில் காசு கிடைத்ததே என்று அம்மா எட்டிப் பார்த்தார். எங்களுக்கு மீன் மட்டும் கிடைத்தது. அதுவும் அவர் சும்மா கொடுத்தார்.

சனிக்கிழமை ஒன்பது நாள் ஜெபமான நவநாள் தொடங்கினேன். காணாமற்போனவற்றைக் காட்டிக்கொடுக்கிறவர் அந்தோனியார். எங்கள் கோவிலில் வடக்கு மூலையில் அவர் சுரூபம் இருக்கிறது. மூக்கு நுனி கொஞ்சம் உடைந்திருக்கும். வேலை முடிந்து தினமும் ஐந்தரை மணிக்கு அவர்முன் முழங்காலிட்டேன். என் மன்றாட்டு இப்படி இருந்தது: ஒன்று, கார்டு கிடைக்கவேண்டும். இரண்டு, கார்டு கிடைக்காவிட்டால் இன்ஸ்பெக்டர் மனம் இளகவேண்டும். மூன்று, அதுவும் முடியாவிட்டால் இன்ஸ்பெக்டருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரவேண்டும். பதிலுக்கு நேர்த்தியாக, ஒரு வருஷம் ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். அப்பா மூன்று முறை கேட்டு நான் மூன்று முறை மறுத்த வேலை அது. அதற்கு முன் வகுப்பு எடுத்த அக்காவின் குடையில் பிள்ளைகள் தவளை வைத்திருந்தார்கள். ஆகவே இது சின்ன நேர்த்தி அல்ல என்பதை அந்தோனியாருக்கும் எடுத்துச் சொன்னேன்.

நாள் ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை. இன்ஸ்பெக்டருக்கு மாற்றலும் வரவில்லை.

எட்டாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட வீட்டுக்கு வந்தேன். கட்டில்மேல் அப்பாவின் தகரப்பெட்டி திறந்து கிடந்தது. இரண்டு சட்டை, ஒரு போர்வை, சவரக் கத்தி, ஜெபமாலை. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு தாள். அப்பாவின் கையெழுத்து. எழுதியே பழக்கமில்லாத மனிதர் என்னைப் பார்த்து எண் போட்டு எழுதியிருந்தார்.

1. கோவில் மணி. கயிறு இத்துப்போச்சு. மெதுவா இழுக்கணும்.

2. மாடு. இடது பக்கம் போனால் உதைக்கும்.

3. குடில். மேற்கு ஜன்னல் ஓரம் வேண்டாம். ஒழுகும்.

4. பிலோமினா. மழையில் குடை எடுக்காமல் போவாள். சொல்லணும்.

5. பாலன். திங்கட்கிழமை கிளம்பும்போது பிலோமினா காதில் மட்டும் சொல்லணும். அதுக்கு முந்தி வேண்டாம்.

நான் சோற்றை மூடி வைத்துவிட்டுக் கோவிலுக்கு ஓடினேன். மழை. குடை எடுக்கவில்லை. அந்தோனியார் முன்னால் நின்றபோது என் மன்றாட்டில் ஒன்று, இரண்டு, மூன்று எதுவும் இல்லை. “அப்பா வேணும்” என்றேன். அவ்வளவுதான் வந்தது. எண் போடாமல் நான் செய்த முதல் ஜெபம் அது.

மறுநாள் மூன்றாம் ஞாயிறு. சுவாமியார் வருகிற முறை அல்ல. நாங்கள் ஜெபமாலைக்குக் கூடியிருந்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. தொப்பியும் தூசியுமாகச் சுவாமியார் இறங்கினார். அவர் பிரான்சு தேசத்தவர். புத்தகத்திலிருந்து கற்ற தமிழ்.

“உபதேசியாரே, உமது இடுக்கண் கேள்வியுற்றேன். நாளை காவல் நிலையத்துக்கு நானும் உம்மோடு எழுந்தருளுவேன்” என்றார்.

அப்பா அவர் கையைப் பிடித்து முத்தம் செய்தார்.

வந்தது வந்தார், பூசையும் வைத்துவிடுவோம் என்று சுவாமியார் தயாரானார். அன்று ரோஸ் நிற உடுப்புப் போடவேண்டிய நாள். எங்களிடம் ரோஸ் கிடையாது. ஆனால் எங்கள் ஊதா உடுப்புத் துவைத்துத் துவைத்து ஏறக்குறைய அந்த நிறத்துக்கே வந்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு திரும்பியவர், “இன்று மகிழ்ச்சி ஞாயிறு. வாத்தியம் வாசிக்கலாம். ஆர்மோனியம் எங்கே?” என்றார்.

ஆகமன காலத்தில் எங்கள் கோவிலில் ஆர்மோனியம் தொடுவதில்லை. நடுவில் இந்த ஒரு ஞாயிறு மட்டும் திருச்சபை அனுமதிக்கிறது. ஆனால் இந்த ஞாயிறில் எங்களுக்குச் சுவாமியார் வந்ததே கிடையாது, ஆகையால் பிறப்புத் திருநாள் வரை அது மூடியேதான் கிடக்கும். அது காலால் மிதித்து வாசிக்கிற பெரிய பெட்டி. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி செல்லத்துரை ஐயாவின் சொத்து. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு பிள்ளையும் அதன் ஓரம் போகாது. அவர் ஒரு பார்வை பார்த்தால் போதும், பூட்டே வேண்டாம்.

அப்பா சட்டென்று முன்னால் வந்தார். “வேண்டாம் சுவாமி. ஆகமன காலம். ஆர்மோனியம் பாட்டுக்குத் தூங்கட்டும்.”

“திருச்சபையே அனுமதித்திருக்கிறது, உபதேசியாரே.”

“விடுங்கோ, உபதேசியார். ரெண்டு கிழமையா எனக்குக் கை துருதுருத்துக்கொண்டு கிடக்குது” என்றபடி செல்லத்துரை ஐயா போய் உட்கார்ந்தார்.

“மிதிச்சா ஒங்களுக்கு முட்டி வலிக்குமே ஐயா.”

“என்ர முழங்காலில உமக்கென்ன காணும் இவ்வளவு கரிசனை?”

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் வந்தபோதுகூட அந்த முகம் அப்படி வெளுக்கவில்லை. கோடு போட்டு விட்ட பன்னிரண்டாம் வரி எனக்கு ஞாபகம் வந்தது.

செல்லத்துரை ஐயா மிதித்தார். முதல் மிதிக்கு ஒரு பெருமூச்சு. இரண்டாம் மிதிக்கு ஆடு இருமுவது போல ஒரு சத்தம். கட்டையை அழுத்தினார். ‘டர்ர்ர்’ என்று துணி கிழிகிற மாதிரி கேட்டது. இன்னும் ஓங்கி மிதித்தார். அடியில் ஏதோ ‘டொக், டொக்’ என்று இடித்தது.

அவர் கையை எடுத்துவிட்டார். “சுவாமி, ஆரோ உள்ளுக்க இருக்கினம்!”

பிறகு முன்வரிசையிலிருந்து ஒரு குட்டிப்பெண் எழுந்து, “பாலன்!” என்று வீரிட்டாள். பிள்ளைகள் அத்தனை பேரும் வரிசையை உடைத்துக்கொண்டு ஆர்மோனியத்தின்மேல் பாய்ந்தார்கள்.

“பிலோமினா! நீர் படிச்ச பிள்ளை, ஓடியாரும், என்ர பெட்டியைக் காப்பாத்தும்!”

என் பையில் ஆஸ்பத்திரி இடுக்கி இருந்தது, டார்ச் லைட்டும் இருந்தது. இல்லாமல் நான் எங்கும் போவதில்லை. பின்பலகையைக் கழற்றினேன். துருத்திக்குப் பக்கத்தில், அப்பாவின் பழைய கைக்குட்டைக்குள், பாலன் சிரித்தபடி படுத்திருந்தார். மிதிக்கும்போதெல்லாம் துருத்தி அவர் காலில் இடித்திருக்கிறது. பிள்ளைகள் போட்ட கூச்சல் கேட்டில் நின்ற காவலரை உள்ளே ஓடிவரச் செய்தது. அப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“போச்சு. பதினாலு வருஷம்” என்றார்.

“எல்லாரும் சும்மா இருங்க!” என்றேன். எனக்கே தெரியாத குரல். டொக் டொக் பாலனால் வந்தது, சரி. டர்ர்ர் எதனால் வந்தது? அது மேலேயிருந்து அல்லவா கேட்டது? ஒரு வட்டம் பாக்கியிருக்கிறது. டார்ச்சை மேலே திருப்பினேன். பித்தளை நாக்குகளின் வரிசையில், இரண்டுக்கு நடுவில், தடித்த தாளின் ஓரம் தெரிந்தது. இடுக்கியால் பிடித்து, கிழிந்துவிடாமல், மெல்ல மெல்ல இழுத்தேன். முதலில் பெருவிரல் ரேகை வந்தது. அப்புறம் அப்பாவின் முகம் தலைகீழாக வந்தது. ஒரு காதைக் கரப்பான்பூச்சி தின்றிருந்தது.

ஞாயிறன்று பாலனை உள்ளே கிடத்த அப்பா மூடியைத் திறந்து இடுப்பு வரை குனிந்திருக்கிறார். பேனாவுக்குக் கொக்கி உண்டு, அது நின்றுவிட்டது. கார்டுக்குக் கொக்கி இல்லை.

“அந்தோனியாரே!” என்று அம்மா ஓங்கி அழுதார். அழுத வாயோடு, “ரெண்டு கையாலயும் புடிச்சிருந்தாராம் ரெண்டு கையாலயும்!” என்றார்.

அப்பா அந்த இடத்திலேயே மண்டியிட்டார். தரையில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. சுவாமியார் காத்திருந்தார்.

அன்றைய பூசை நெடுகிலும் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நான் வடக்கு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தோனியார் சுரூபத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவர் கையில் என்ன வைத்திருக்கிறார்? பாலனை. ஒன்பது நாள் நான் அவர்முன் நின்று கார்டு எங்கே, கார்டு எங்கே என்று கேட்டேன். ஒன்பது நாளும் அவர் பாலனைத் தூக்கிக் காட்டிக்கொண்டே நின்றிருக்கிறார். இதற்குமேல் ஒரு சுரூபம் எப்படிச் சொல்லும்? நான்தான் பதிலைப் பார்க்காமல் கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை சுவாமியாரும் அப்பாவும் நானும் போனோம். இன்ஸ்பெக்டர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்கே இருந்தது?”

“ஆர்மோனியத்துக்குள்ள” என்றார் அப்பா.

“அங்கே எப்படிப் போனது?”

“எங்க ஆண்டவரை ஒளிக்கும்போது விழுந்துடுச்சுங்க.”

மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “ஆண்டவரை யாரிடமிருந்து ஒளித்தார்?”

“புள்ளைங்ககிட்டேருந்துங்க.”

சுவாமியார் இங்கிலீஷில் விளக்க ஆரம்பித்தார். பாதியிலேயே இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு கார்டில் காது இல்லாததால் புதுக் கார்டுக்கு எழுதிக் கொடுத்தார். அனுப்பும்போது ஒரு வார்த்தை சொன்னார்: “அடுத்த தடவை ஆண்டவரை ஒரு கையால் பிடி. மற்றக் கையால் பையைப் பிடி.”

எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர், “திருநாளுக்குப் பாலனை எடுக்கும்போது எப்படியும் கிடைச்சிருக்கும்லா, இதுல என்ன அற்புதம்?” என்று கேட்டார். கிடைத்திருக்கும். ஆனால் அப்பா இருந்திருக்கமாட்டார். திங்கள் காலையில் அவர் என் காதில் சொல்லியிருப்பாரே என்றால், சொல்லியிருப்பார்தான். நான் பாலனைத் தேடி ஓடியிருப்பேனா? தேவையில்லை என்று என் கையாலேயே கோடு போட்ட வரி அல்லவா? வராத ஞாயிறில் சுவாமியார் வந்ததும், ஆகமன காலத்தில் அந்த ஒரே நாள் ஆர்மோனியம் திறந்ததும், அது ஒன்பதாம் நாளாக இருந்ததும் என் பட்டியலில் எதிலும் இல்லை. நான் சாட்சி சொல்வது அதைத்தான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பட்டியல் இருக்கும். எல்லா வரியையும் பார்த்தாயிற்று, இனி ஒன்றும் இல்லை என்று நினைப்பீர்கள். தேவையில்லை என்று கோடு போட்ட வரி எது என்று மட்டும் திரும்பப் பாருங்கள். அந்த வரியைப் பார்க்கத் தைரியம் இல்லாவிட்டால் அந்தோனியாரிடம் போங்கள். எண் போடாமல் கேளுங்கள். அவர் கையையும் பாருங்கள்.

அந்த வருஷம் ஊரடங்கு இருந்ததால் எங்கள் தோட்டத்தில் ஆண்டவர் மாலை நான்கு மணிக்குப் பிறந்தார். பாலனை ஏந்திக்கொண்டு சுற்றுப்பிரகாரம் வந்தது ‘பாலன்!’ என்று கத்திய அந்தக் குட்டிப்பெண். அப்பா அவள் பின்னால் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நடந்தார்.

இப்போதைய நிலைமை இது. அப்பா நர்சரியில் வேலை செய்கிறார். புதுக் கார்டு ஒரு துணிப்பையில், ஜெபமாலையோடு அவர் கழுத்தில் தொங்குகிறது. இரண்டு காதும் இருக்கின்றன. ஆர்மோனியத்தில் ஒரு கட்டை இன்னமும் டர்ர்ர் என்கிறது. செல்லத்துரை ஐயா அதைப் பழுது பார்க்க விடமாட்டேன் என்கிறார். என் ஒரு வருஷ நேர்த்தி முடிந்துவிட்டது. வகுப்பை நான் விடவில்லை. குடையை விரிக்குமுன் உதறிப் பார்க்கிறேன். இந்த வருஷ ஆகமன காலம் போன ஞாயிறு தொடங்கியது. அப்பா பாலனை ஒளித்துவிட்டார். எங்கே என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.